மாந்தளிர் ஜாக்கெட்

என் மடியில் ஒரு ஜாக்கெட். இடது கையில் பிளேடு. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் என் மாமியார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உச்சிவெயில். அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே நாலுவழிச் சாலை. லாரிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூட விழாது. அன்றைக்கு அந்தச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

"நீ போட்டத மட்டும் பிரி கண்ணு. அவ போட்டதுல கை வெச்சிடாத" என்றார் மாமியார்.

'அவ' என்றால் என் கணவரின் அக்கா வளர்மதி. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு வெகுகாலம் முன்பே, கல்யாணமாகாமல் செத்துப்போன பெண். அவள் கையால் தைத்தது என்று உலகத்தில் மிச்சம் இருந்தது இந்த ஜாக்கெட் ஒன்றுதான். பாதி தைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மீதிப் பாதியை, விவரம் தெரியாமல், நான் தைத்துவிட்டிருந்தேன்.

இப்போது என் தையலை மட்டும் பிரித்து, பழையபடி ஆக்க வேண்டும். இழை மாறி அறுத்துவிட்டால், பெற்றவளிடம் பெண்ணின் ஞாபகமாக இருக்கிற ஒரே பொருளும் போச்சு.

பிளேடைத் தையலில் வைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. எது நான் போட்டது, எது அவள் போட்டது என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் இந்தப் பகுதியில் எங்கள் ஆபீஸ் கூத்தை எழுதியதற்கு நிறையப் பேர் சிரித்ததாகச் சொன்னார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிப்பு வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் மகள்

இதைச் சொல்ல ஒரு நாவலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெயர் சொல்லப்போவதில்லை. வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது, வீட்டுக்கு வீடு கத்தரித்து வைத்து பைண்டு செய்துகொண்ட கதைகளில் ஒன்று. ரயில் புதிதாக வந்த காலத்தில் நடப்பது. கதாநாயகி ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன் மாஸ்டரின் மகள். இங்கேயும் அவளை அப்படியே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

அந்த பைண்டு வால்யூம் என் மாமனார் வீட்டில் எனக்குக் கிடைத்தது. கல்யாணமான புதிது. மொரப்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். மத்தியானம் எல்லாரும் காட்டுக்குப் போய்விட்டால் பேச ஆள் கிடையாது. நெல் மூட்டைக்குப் பின்னால் கிடந்ததை இழுத்துத் தூசி தட்டினேன். ஒரு பக்கம் கதை, மறு பக்கம் கூந்தல் தைல விளம்பரம், பாதி ஜோக்கு, யாருடைய ராசிபலனோ. படித்து முடிக்கிறவரை என் குழம்பில் ஒரு நாள் உப்பு இருக்காது, ஒரு நாள் உப்பு மட்டும்தான் இருக்கும்.

மாமியார் அதற்கெல்லாம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த வால்யூம் என் கையில் இருப்பதைப் பார்த்தால் சட்டென்று எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விடுவார். புஸ்தகம் படிக்கிற மருமகளைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எனக்கு முடிவு செய்ய அதிக நேரம் ஆகாது.

கதையில் அந்தப் பெண் தினமும் சாயங்கால ரயிலுக்கு பிளாட்பாரத்துக்கு வருவாள். யாரும் இறங்க மாட்டார்கள். திரும்பிப் போவாள். அவள் தன் கையாலேயே ஒரு ஜாக்கெட் தைத்துக்கொள்வாள். மாந்தளிர் நிறம். கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கிற காலர். தோளில் உப்பலாகப் பொம்மி, முழங்கையில் இறுகுகிற கை. அதைத் தைக்கிற வாரம் முழுக்க எழுத்தாளர் வேறொன்றும் எழுதவில்லை. துணியை மடிப்பதும், நூலைப் பல்லில் கடிப்பதும், வெளிச்சம் குறையக் குறைய ஜன்னலுக்கு நகர்ந்து உட்காருவதும்தான். எனக்கு அந்த நாவலிலேயே பிடித்தது அந்த வாரம்தான்.

அந்த வாரத்துப் படத்தை மட்டும் யாரோ கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். படம் இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் அடுத்த பக்கத்து வரிகள் தெரிந்தன. எனக்கு வந்த கோபத்தில் அந்த 'யாரோ'வை வாயாரத் திட்டினேன். கை விளங்காமல் போக என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். இன்றைக்கு நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அளவு ஜாக்கெட்

ரிட்டையர்மெண்ட் நெருங்குகிற வயதில் அந்த ஜாக்கெட்டைத் தைத்துவிடுவது என்று கிளம்பினேன். கையாலேதான், மிஷின் கூடாது. அவள் எப்படித் தைத்தாளோ அப்படி. "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் எனக்கு நேரம் விட்டீர்களா என்று கேட்டேன். மனுஷன் பேப்பரை விரித்துக்கொண்டார்.

துணி தர்மபுரிக் கடைவீதியில் தேடித் தேடியும் கிடைக்கவில்லை. மாந்தளிர் என்றால் கடைப் பையன்களுக்குப் புரியவில்லை. மாமரத்தில் புதிதாக விடுகிற இலை என்று விளக்கினால் பச்சையை எடுத்துப் போடுகிறார்கள். மாந்தளிர் செம்பு நிறமாக இருக்கும் என்பதுகூடத் தெரியாத ஒரு தலைமுறைக்கு, அதுவும் ஊரைச் சுற்றி மாந்தோப்பு இருக்கிற ஊரில், நான் என்ன சொல்ல.

அடுத்த கஷ்டம் அளவு. நம் ஊரில் எந்தத் தையல்கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா என்பதுதான். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால் அதை வைத்துப் புதியதை வெட்டிவிடுவார்கள். டேப்பை எடுத்து உடம்பை அளக்கிற பழக்கமே பாதி இடத்தில் கிடையாது. எனக்கும் ஒரு அளவு ஜாக்கெட் வேண்டும், பழைய கட்டிங்கில். பஃப் கை வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தேன்.

அப்போது ஊர் வீட்டுக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியார் தன் தம்பி வீட்டில் தங்கியிருந்தார். சாமான்களை ஒதுங்கவைக்க வீட்டுக்காரர் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் திரும்பியவர் ஒரு பழைய தலையணை உறையை என் மடியில் போட்டார்.

"இரும்புப் பொட்டியில இருந்துது. பழைய கட்டிங் மாதிரி தெரிஞ்சுது, எடுத்தாந்தேன். யாருதுன்னு தெரியல."

உறைக்குள் கையை விட்டு இழுத்தேன். மாந்தளிர் நிறத்தில் ஒரு ஜாக்கெட் வந்தது. நிமிர்ந்த காலர். தோளில் பொம்மிய கை.

ஜாக்கெட் முடிந்திருக்கவில்லை. வலது கை தைத்திருந்தது. இடது கை, பிறகு பிரித்துவிடுகிற வெறும் ஓட்டுத் தையலில் தொங்கியது. காலர் பாதிவரை வந்து நின்றிருந்தது. உறையின் அடியில் மரக்கட்டையில் சுற்றிய நூல்கண்டு, மிச்சத் துணி, அப்புறம் கை வெட்டுவதற்காகக் காகிதத்தில் எடுத்த அச்சு ஒன்று. அச்சைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் மகள், தோள்வளைவுக்காக முகம் பாதியாக வெட்டுப்பட்டு, ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இத்தனை வருஷம் தேடிய படம் அது.

நூல்கண்டில் ஊசி குத்தியிருந்தது. நூலும் கோத்திருந்தது. இரும்புப் பெட்டியில் அத்தனை காலம் கிடந்த ஊசியில் துரு ஒரு பொட்டுகூட இல்லை.

நானாக முடிவு செய்தது

என் கெட்டிக்காரத்தனம் உடனே வேலை செய்தது. படத்தை வெட்டியது, ஜாக்கெட்டைத் தைத்தது எல்லாம் என் மாமியார்தான் என்று தீர்மானித்தேன். சின்ன வயசில் ஆசைப்பட்டு ஆரம்பித்திருப்பார். மாடும் காடும் பிள்ளையுமாக முடிக்க முடியாமல் மூட்டை கட்டியிருப்பார். வால்யூமைப் பார்த்தால் எழுந்து போனதற்கும் அதுதான் காரணம். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

வளர்மதி எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா இருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு போட்டோகூட வீட்டில் கிடையாது. அவள் போனபோது வீட்டுக்காரர் கைக்குழந்தை. அவருக்கும் ஒன்றும் தெரியாது.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நிச்சயமாகியிருந்தது. முடிந்ததும் எங்கள் வீட்டுக்குத்தான் வரப்போகிறார். புதுக் கண்ணால் முதலில் இந்த ஜாக்கெட்டைப் பார்க்கட்டும் என்று எனக்கு ஒரே குஷி. எனக்குத் துணி தேட வேண்டாம், அளவும் வேண்டாம். இதையே முடித்துவிடலாம். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள் என்று வீட்டுக்காரர் வாயையும் கட்டினேன்.

பீச்சாங்கை

நான் இடது கைக்காரி. சின்ன வயதில் அம்மா என் இடது கையைப் பாவாடை நாடாவால் இடுப்போடு கட்டிவிட்டு எழுதச் சொல்வாள். சோறும் எழுத்தும் வலது கைக்கு வந்தன. ஊசி மட்டும் பிடிவாதமாகப் பீச்சாங்கையிலேயே நின்றுவிட்டது. இடது கைக்காரி போட்ட தையலைப் பார்த்தாலே தெரியும். மற்றவர்களுடையது ஒரு பக்கம் சாய்ந்தால் எங்களுடையது எதிர்ப்பக்கம் சாயும். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் என் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டி, இது யாரு எருமை மாடு உழுத காடு என்று கேட்டார். அந்த அம்மாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த ஜாக்கெட்டின் தையலும் என் பக்கமே சாய்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மாமியார் இடது கையால் ஒன்றும் செய்து நான் பார்த்ததில்லை. அவர் கையையும் யாரோ கட்டிப்போட்டிருப்பார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஊசியை மாற்றவும் மனசில்லை. நூல்கண்டில் குத்தியிருந்த அதே ஊசியை எடுத்து, கோத்திருந்த அதே நூலால், தையல் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

ஞாயிறுகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் உட்காருவேன். வெயில் ரோட்டில் தகித்துக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் உச்சிவேளையில் வயசுப்பெண்களைக் கிணற்றடிக்கு அனுப்ப மாட்டார்கள். அந்த நேரத்தில் நடமாட்டம் இருக்கும் என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை, அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவள். ஆனாலும் ஊசி ஓட ஓட, தோளுக்கு மேலே குனிந்து யாரோ வேலையைப் பார்க்கிற மாதிரி இருக்கும். பயமாக இல்லை. நன்றாகத் தைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றும்.

கை தானாகப் போனது. துணி எங்கே சுருங்க வேண்டும், கொசுவம் எங்கே நெருங்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. பஃப் கை வைத்து நான் வாழ்க்கையில் தைத்ததில்லை என்பது பாதி முடித்த பிறகுதான் உறைத்தது.

விட்ட இடம்

ஒரு ஞாயிறு காலரின் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு டீ போடப் போனேன். வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். பால் பொங்கியது, அடுப்பைத் துடைத்தேன், டம்ளரோடு வந்து உட்கார்ந்தேன்.

ஊசி திருப்பத்தைத் தாண்டி இருந்தது. தையல் அதுவரை வந்திருந்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன். நாம்தான் தைத்திருப்போம், மறந்திருப்போம் என்று சொல்லிக்கொண்டேன். மாத்திரை போட்டோமா என்பதே மறக்கிற வயசு. எழுந்து வாசல் கதவைப் பார்த்தேன். தாழ் போட்டபடி இருந்தது. அன்றைக்கு அதற்குமேல் தைக்கவில்லை. ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டினேன். பொம்மிய கைகள் இரண்டும் அமுங்காமல் நின்றன, உள்ளே தோள் இருக்கிற மாதிரி. பார்க்கப் பிடிக்காமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். விட்டுவிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விட முடியவில்லை. அது முடியாமல் கிடந்தால் எனக்குத் தூக்கம் கெட்டது.

இடது கையை மூட்டி, காலரை முடித்து, கீழ்விளிம்பையும் மடித்துத் தைத்தேன். ஓட்டுத் தையல் நூல்களை உருவிக் குப்பையில் போட்டேன்.

பூவாடைக்காரி

ஆபரேஷன் முடிந்து மாமியார் வந்தார். கண்கட்டு எடுத்து, கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அந்த ஞாயிறு மத்தியானம் நான் ஜாக்கெட்டை அவர் மடியில் வைத்தேன். அத்தை, உங்களுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

பார்ப்பதற்கு முன்னால் கையால் தடவினார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. விரல்கள் இடது கை மூட்டிய இடத்துக்குப் போயின. திரும்பத் திரும்ப அதே இடத்தில் தேடின.

"இங்க ஓட்டுத் தையல் இருந்துச்சே. அந்த நூலு எங்க?"

குப்பையில் போட்டதைச் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் அகாலமாகப் போன பெண்ணைக் குடும்பம் பூவாடைக்காரி என்று சாமியாக வைத்துக் கும்பிடும். ஆடியிலும், வீட்டில் நல்லது நடப்பதற்கு முன்னாலும், அவளுக்குப் புதுத்துணியும் பூவும் வைத்து அழைப்பார்கள். துணியை ஒரு கூடையிலோ பெட்டியிலோ பத்திரமாக வைத்திருப்பார்கள். மாமியார் வீட்டிலும் மூடி போட்ட கூடை ஒன்று உண்டு. மாமியாரைத் தவிர யாரும் அதைத் திறந்ததில்லை. ஆடியில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு கூடையோடு உட்காருவார். நாங்கள் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் பொங்கல் சாப்பிடுவோம். உள்ளே புடவை இருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

உள்ளே இருந்தது இந்த ஜாக்கெட். ஓடு பிரிக்கும்போது தூசி படக் கூடாது என்று மாமியார் இரும்புப் பெட்டிக்கு மாற்றியிருக்கிறார். கூடைக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத பிள்ளை, அதை அளவு ஜாக்கெட்டாக எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

வளர்மதி அந்தத் தொடரை வாரா வாரம் கத்தரித்து வைத்தவள். படத்தை வெட்டி அச்சு எடுத்தவள். இடது கையால் தைத்தவள். ஜாக்கெட்டின் இடது கையை ஓட்டுத் தையலில் மூட்டி, மீதியை விடிந்ததும் தைக்கிறேன் என்று சொல்லிப் படுத்தவளுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்கவே இல்லை. இத்தனையையும் மாமியார் ஒரு மூச்சில் சொன்னார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"முடிக்காம போனவ முடிக்க வருவா இல்லையா. வருசா வருசம் வரா கண்ணு. கூடையத் தொறந்தா வாசம் அடிக்கும், அவ தலைல வெக்கிற மரிக்கொழுந்து. அதுக்குத்தான் நான் யாரையும் கை வெக்க வுடல."

ஆசையாகச் செய்யப்போய் அந்த அம்மாளின் பெண்ணை இரண்டாம் தரம் அனுப்பிவைத்துவிட்டேனே என்று தோன்றியது. பிரித்துப் பழையபடி ஆக்கிவிடுகிறேன் என்று பிளேடை எடுத்தேன்.

விரல் சொன்னது

நான் முதலில் சொன்ன இடம் இதுதான். மடியில் ஜாக்கெட், கையில் பிளேடு, எதிரே மாமியார்.

ஜாக்கெட்டின் வலது கைத் தையலையும் இடது கைத் தையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. காலரில் எங்கே தொடங்கினேன் என்று தேடினேன். அங்கே ஒரு முடிச்சு போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முடிச்சே இல்லை. காலர் முழுக்க ஒரே நூலாக, ஒரே மூச்சில் தைத்ததாக ஓடியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

எனக்குத் தெரியலைங்க அத்தை என்றேன்.

அவர் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டே வந்தார். வலது கை, காலர், இடது கை, கீழ்விளிம்பு. நெடுநேரம் ஆயிற்று. வெயில் ஜன்னலில் இருந்து சுவருக்கு ஏறியது. இடது கையைத் தடவிய இடத்துக்கே மறுபடி போய்த் தடவினார்.

"எல்லாம் அவுளுதுதான்" என்றார்.

நான் தைத்தேன் அத்தை, என் கையால்தான் தைத்தேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். டீ போட்டுவிட்டுத் திரும்பிய அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது.

அவர் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. அப்புறம் மெதுவாக வாடியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. ஆபரேஷன் பண்ணிய கண், அழக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"முடிச்சிட்டா. இனிமே எதுக்கு வருவா?"

ஜாக்கெட்டை அவர் மடியில் இருந்து எடுத்தேன், மடித்து வைக்கலாம் என்று. முன்பக்கம் திறந்து கிடந்தது. பொத்தான் மாட்டுவதற்கு அஞ்சு காஜா எடுத்திருந்தாள், ஒவ்வொன்றும் அவ்வளவு நேர்த்தி. எதிர்ப்பக்கம் வெறும் துணி. தைக்கும்போது என் கவனமெல்லாம் கையிலும் காலரிலும் இருந்ததில் இதை நான் பார்க்கவே இல்லை.

"அத்தை, பொத்தான் ஒண்ணுகூட வெக்கலைங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். என் கையைத் தேடிப் பிடித்து, விரலை அந்த வெறும் இடத்தில் வைக்கச் சொல்லி, தானும் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை தடவினார். பிடித்த கையை விடவே இல்லை.

"வெக்காத கண்ணு" என்றார். "நீ வெக்காத."

புது ஓட்டுக்குக் கீழே

ஜாக்கெட், நூல்கண்டு, ஊசி, மிச்சத் துணி, பாதி முகம் போன அந்தப் படம், எல்லாம் கூடைக்கே திரும்பிப் போயின. இந்தத் தடவை கூடையை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார் மாமியார். சாவி அவர் இடுப்புச் சுருக்குப் பையில். குளிக்கும்போதும் அதை வெளியே வைக்க மாட்டார். ஒரு கண் நன்றாகத் தெரிகிறது என்கிறார், ஆனால் ஊசியில் நூல் கோக்க இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவருக்கு அறுந்த சட்டைப் பொத்தானுக்கு நான் வேண்டும்.

ஆடி வந்தது. ஊர் வீட்டில் பொங்கல் வைத்து, எல்லாரும் வழக்கம்போல வெளியே நின்றோம். மாமியார் உள்ளே போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். நீயும் வா என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை அந்தக் கதவுக்குள் போனேன். கதவைச் சாத்தினார். சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, கூடையை மடியில் வைத்து மூடியை எடுத்தார்.

மரிக்கொழுந்து வாசம் அடித்தது. நாங்கள் வாங்கிப்போனது மல்லிகை.

ஜாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் விரித்தேன். மேல் காஜாவுக்கு எதிரே ஒரு பொத்தான் இருந்தது. மிச்சத் துணியில் இருந்து வெட்டி, உருண்டையாகச் சுருக்கித் தைத்த மாந்தளிர் துணிப் பொத்தான். அடியில் நூல் என் பக்கமே சாய்ந்திருந்தது. அதை நான் தைக்கவில்லை. இதை எழுதும்போதும் சொல்கிறேன், நான் தைக்கவில்லை.

பயந்துதான் போனேன். அதைவிட இன்னொரு கவலை பெரிதாக இருந்தது. ஒரு பொத்தான் ஏறினால் அவள் வருவதில் ஒரு தடவை குறைகிறது, அந்த அம்மாள் இதை எப்படித் தாங்குவார் என்று நினைத்தேன். சொல்லாமல் மடித்து வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அதற்குள் அவர் விரல் அங்கே வந்துவிட்டது. பொத்தானை ஒரு தரம் தடவினார். அப்புறம் அதற்குக் கீழே, வெறும் இடங்களை, ஒவ்வொன்றாக. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இன்னும் நாலு இருக்குது" என்றார். "எனக்கு அது போதும் கண்ணு."